ஹார்ட்கோர், கேபர் சீனை நம்ம ஊர்ல இருந்தே விடாம ஃபாலோ பண்றது எப்படி: புது ட்ராக், மிக்ஸ், ஈவென்ட் மூணுக்கும் முழுமையான வழிகாட்டி

ஹார்ட்கோர், கேபர்ங்கறது டெக்னோல இருந்து 90கள்ல முளைச்ச படுவேகமான எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக், அதைச் சுத்தி இருக்கிற டிஜே, லேபிள், பார்ட்டி, ரசிகர் கூட்டம் எல்லாம் சேர்ந்ததுதான் சீன். ஆனா கேபர்னு தேடினா நமக்கு முதல்ல வந்து நிக்கிறது ஷோலே கப்பர் சிங்தான். ஹார்ட்கோர்னு தேடினா கிட்டார் வச்சு கத்துற பங்க் பேண்டு வரும், ஹார்ட் டான்ஸ்னு போட்டா ஜிம் ப்ளேலிஸ்ட். நான் ஆரம்பிச்ச புதுசுல ஒரு ஆறு மாசம் இப்படியேதான் சுத்தினேன். ஆப் அதே நாப்பது பாட்டையே மாத்தி மாத்தி குடுத்துட்டு இருந்துச்சு, சரி இந்த மியூசிக்ல இருக்கறதே அவ்ளோதான் போலன்னு நானும் நெனச்சுட்டேன். ஒரு நாள் பக்கத்து வீட்டு அண்ணன் மாடியேறி வந்து "போர் போடுறீங்களாப்பா"ன்னு கேட்டுட்டு போனார், அதுதான் அந்த ஆறு மாசத்துல எனக்கு கிடைச்ச ஒரே புது விஷயம்.

அப்புறம்தான் இந்த சீன் ஓடுற விதமே புரிஞ்சுது. இங்க ஒரு புது பாட்டு ஸ்ட்ரீமிங் ஆப்புக்கு வர்றதுக்கு பல மாசம் முன்னாடியே ஏதோ ஒரு ஹால்ல ராத்திரி மூணு மணிக்கு ஓடியிருக்கும். தயாரிச்சவர் தன் ஃப்ரெண்டு டிஜேக்கு ஃபைலா அனுப்புவார், அவர் தன் செட்ல, அதாவது பாட்டுங்களை ஒண்ணோட ஒண்ணு கலந்து விடாம வாசிக்கிற நேரத்துல, போட்டு கூட்டம் எப்படி ஆடுதுன்னு பார்ப்பார், நல்லா போனா லேபிள், அதாவது ரெக்கார்டு கம்பெனி, வெளியிடும், இல்லன்னா அது வராமலே போயிடும். அதனால ரிலீஸ் லிஸ்ட்டை மட்டும் பார்த்துட்டு இருந்தா எப்பவும் பழைய சோறுதான். செட்டைக் கேக்கணும், அதுல இருந்து ட்ராக்கைப் புடிக்கணும், ட்ராக்ல இருந்து லேபிளுக்குப் போகணும், லேபிள் நடத்துற ஈவென்ட்டோட போஸ்டரைப் பார்க்கணும், அந்தப் போஸ்டர்ல தெரியாத பேரை எடுத்துட்டு மறுபடியும் செட்டுக்கு வரணும். செக்கு மாடு மாதிரிதான், ஆனா சுத்த சுத்த எண்ணெய் வரும்.

ஸ்டெப் 1: பேரும் வேகமும்

தேடுறதுக்கு சரியான வார்த்தை தெரியலன்னா மத்த எதுவும் வேலைக்கு ஆகாது. கேபர்ங்கறது ஆம்ஸ்டர்டாம் பேச்சு வழக்குல கூட்டாளி, மச்சான்னு அர்த்தம், யிட்டிஷ்ல இருந்து வந்த வார்த்தை. 1990ல ஃப்ராங்ஃபர்ட்ல மார்க் அகார்டிபேன் மாதிரி தயாரிப்பாளருங்க டெக்னோவை முரட்டுத்தனமா மாத்த ஆரம்பிச்சாங்க, 1992ல நெதர்லாந்துல டிஜே பால் எல்ஸ்டாக் ராட்டர்டாம் ரெக்கார்ட்ஸ் லேபிளை ஆரம்பிச்சார், அதே வருஷம் தண்டர்டோம் பார்ட்டிங்க தொடங்குச்சு. அடிப்படை சரக்கு ரோலண்ட் 909 ட்ரம் மெஷினோட கிக், அதாவது பேஸ் ட்ரம் அடி, அதை டிஸ்டார்ஷன்ல போட்டு நசுக்கி நசுக்கி கடைசில அந்த அடியே ஒரு ஸ்வரம் மாதிரி ஒலிக்கும். கிக்கைத்தான் கேக்கணும், மெலடியை இல்ல. இது பிடிபட ஒரு வாரம் ஆகும், பிடிபட்டப்புறம் ரெண்டு தயாரிப்பாளரை கண்ணை மூடிட்டு கிக்கை வச்சே பிரிச்சு சொல்லலாம்.

வேகம் தோராயமா இப்படி (பிபிஎம்னா ஒரு நிமிஷத்துக்கு எத்தனை அடி): ஹார்ட் டெக்னோ 145ல இருந்து 160 பிபிஎம், ஹார்ட்ஸ்டைல் 150ஐ ஒட்டி, மெயின்ஸ்ட்ரீம் ஹார்ட்கோர் 160ல இருந்து 180 வரைக்கும், ஃப்ரெஞ்ச்கோர் 190ஐத் தாண்டி 200 பக்கம், அப்டெம்போ 200க்கு மேல, ஸ்பீட்கோர்னா 300 எல்லாம் சாதாரணம். இதை ஏன் சொல்றேன்னா ஒரு பாட்டு புடிச்சிருந்தா அதோட பிபிஎம்மை கண்டுபிடிச்சு அந்த நம்பரை வச்சே உங்க ஏரியா எதுன்னு முடிவு பண்ணிக்கலாம், இல்லன்னா ஹார்ட்ஸ்டைல் புடிச்சவர் ஸ்பீட்கோர் செட்ல மாட்டிக்கிட்டு இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்னு ஓடிடுவார்.

போஸ்டர்ல வர்ற வார்த்தைகளும் முக்கியம். ஏர்லின்னு போட்டிருந்தா 90கள் பாட்டு. மில்லேனியம்னா 2000ங்களோட ஆரம்பத்துல வந்த, கொஞ்சம் நிதானமான கனமான சவுண்டு. இண்டஸ்ட்ரியல்னா இருட்டு, இரும்பு சத்தம். க்ராஸ்ப்ரீட்னா ட்ரம் அண்ட் பேஸும் ஹார்ட்கோரும் கலந்தது, ராட்டர்டாம்ல பிஆர்எஸ்பிசிடிங்கற லேபிள் இதுக்கு பேர் போனது. யூகே ஹார்ட்கோர், ஹேப்பி ஹார்ட்கோர்னு போட்டிருந்தா அது வேற குடும்பம், பியானோவும் கீச்சுக் குரலுமா இருக்கும், எனக்கு ரொம்ப ஒட்டல ஆனா அதுக்குன்னு உயிரைக் குடுக்கிற கூட்டம் இருக்கு.

ஸ்டெப் 2: அஞ்சு பேரோட ஆரம்பிங்க, ஐம்பது வேண்டாம்

புதுசா வர்றவங்க பண்ற தப்பு, ஒரே நாள்ல இருநூறு ஆர்ட்டிஸ்ட்டை ஃபாலோ பண்ணிட்டு அடுத்த நாள் ஃபீடைப் பார்த்து தலை சுத்தி மூடி வச்சிடறது. அஞ்சு பேர் போதும், ஆனா அந்த அஞ்சு பேரோட நூலைப் புடிச்சுட்டே போகணும்.

உதாரணத்துக்கு பாரிஸ்ல அசோந்தான் வியெர்ஜ்னு ஒரு ஜோடி, பாடறவர் மத்தில்ட் ஃபெர்னாண்டஸ், தயாரிப்பு பால் சூல். கேட்டுப் பார்த்து புடிச்சிருந்தா பால் சூல் வேற எங்க இருக்கார்னு பாருங்க, கேஷுவல் கேபர்ஸ்ங்கற கூட்டணி வரும். அந்தக் கூட்டணில வேற யாருன்னு பார்த்தா வான் பிக்ரேவ், ஈவில் க்ரிமேஸ், க்ராம்ஃப்னு வரிசையா வருவாங்க, அதுல சிலர் ஃப்ரெஞ்சு ராப்பையும் ஹார்ட்கோரையும் கலந்து ஃப்ராப்கோர்னு ஒண்ணை உருவாக்கினது தெரியவரும். ஒரே ஒரு பாட்டுல ஆரம்பிச்சு ஒரு ஊரோட சீனே கையில வந்துடும்.

இன்னொரு நூல், பாலி தீவுல இருக்கிற கேபர் மோடுஸ் ஓபராண்டி. ஐஸ்லாந்து பாடகி பியோர்க்கோட 2022 ஆல்பத்துல வேலை செஞ்ச காசிமின் இந்த ஜோடில ஒருத்தர்தான். அவங்களோட 2019 ஆல்பம் ஷாங்காய்ல இருக்கிற லேபிள்ல வந்துச்சு, அந்த லேபிளோட பக்கத்தைத் திறந்தா ஆசியா முழுக்க யாரெல்லாம் இந்த மாதிரி சத்தம் பண்றாங்கன்னு ஒரு கதவு திறக்கும். தான்சானியால டார் எஸ் சலாம்ல சிங்கெலின்னு ஒண்ணு இருக்கு, 200 பிபிஎம்முக்கு மேல ஓடும், ஹார்ட்கோருக்கு சம்பந்தமே இல்லாம தனியா வளர்ந்தது, ஆனா ஹார்ட்கோர் கேக்கிற காதுக்கு உடனே புடிக்கும். எல்லாத்தையும் ஹாலந்துல இருந்தே தேடணும்னு ஒண்ணும் இல்ல.

இங்க ஒரு விஷயம் பேசிடறேன். 90கள்ல மொட்டைத்தலை, பாம்பர் ஜாக்கெட் ஸ்டைலைப் பார்த்து இனவெறிக் கும்பல் கொஞ்சம் இந்த சீனுக்குள்ள நுழைஞ்சது உண்மை. அதே சமயம் ஆம்ஸ்டர்டாமோட மோகம் ரெக்கார்ட்ஸ் மாதிரி லேபிளுங்க இனவெறிக்கும் ஃபாசிசத்துக்கும் எதிரா கேபர்கள் ஒண்ணா நிக்கிறோம்னு ரெக்கார்டுலயே அச்சடிச்சு வெளியிட்டாங்க. நம்ம நிறத்துல இருக்கிறவங்க ஒரு புது கலெக்டிவ்வை, அதாவது சேர்ந்து இயங்குற குழுவை, ஃபாலோ பண்றதுக்கு முன்னாடி அவங்க இந்த விஷயத்துல என்ன சொல்லியிருக்காங்கன்னு ரெண்டு நிமிஷம் பார்த்துக்கறது நல்லது. நான் பார்த்துக்குவேன்.

ஸ்டெப் 3: செட்டை எங்க கேக்கறது

சவுண்ட்க்ளவுட்தான் தாய்வீடு, இன்னிக்கும். லேபிளுங்க, கலெக்டிவ்ங்க எல்லாம் நம்பர் போட்டு மிக்ஸ் சீரிஸ் வச்சிருப்பாங்க, ஒவ்வொரு எபிசோடுலயும் ஒரு கெஸ்ட் வருவார், அந்த கெஸ்ட் லிஸ்ட்டே உங்களுக்கு இலவசமா கிடைக்கிற ஆள் அறிமுகம். முக்கியமான ஒண்ணு, உங்களுக்குப் புடிச்ச தயாரிப்பாளரோட ப்ரொஃபைல்ல லைக்ஸ் பகுதியைத் திறந்து பாருங்க. அவர் வெளிய ப்ரமோட் பண்றது வேற, ராத்திரி தனியா உக்காந்து லைக் போடுறது வேற. நான் புடிச்ச நல்ல பேருங்கள்ல பாதிக்கு மேல இப்படி அடுத்தவங்க லைக்ஸ்ல நோண்டி எடுத்ததுதான், கொஞ்சம் ஒட்டுக்கேக்குற மாதிரி இருக்கும், பரவால்ல.

யூட்யூப்ல பெர்லின்ல இருந்து ஹோர்னு ஒரு சேனல், 2019ல ஆரம்பிச்சது, பாத்ரூம் டைல்ஸ் ஒட்டின சின்ன ரூம்ல ஒருத்தர் நின்னு வாசிப்பார், கூட்டம் கிடையாது, கத்தல் கிடையாது, அதனால பாட்டு தெளிவா கேக்கும். ட்ராக் புடிக்கறதுக்கு இதைவிட வசதி இல்ல. பாய்லர் ரூம்ங்கற சேனல்ல கூட்டத்தோட எனர்ஜி இருக்கும் ஆனா பாதி நேரம் டிஜே பின்னாடி ஆடுறவங்களைத்தான் பார்த்துட்டு இருப்போம்.

லைவா கேக்கணும்னா நேரக் கணக்கு தெரிஞ்சிருக்கணும். மார்ச் கடைசில இருந்து அக்டோபர் கடைசி வரைக்கும் நெதர்லாந்து நமக்கு மூணரை மணி நேரம் பின்னாடி, மத்த மாசத்துல நாலரை. அங்க கோடைல சனி ராத்திரி 11 மணின்னா இங்க ஞாயிறு அதிகாலை 2:30. நான் முழிச்சிருந்தெல்லாம் பார்க்கறது இல்ல, ஞாயிறு காலைல காபியோட ரெக்கார்டிங்தான்.

ஸ்டெப் 4: அந்தப் பாட்டு என்னன்னு கண்டுபிடிக்கிறது

இதுதான் அதிகமா நேரம் தின்னுற இடம், இதுதான் ஜாலியான இடமும். செட்ல ஓடின பாட்டு வரிசைக்குப் பேரு ட்ராக்லிஸ்ட், அதுல ஐடின்னு மட்டும் போட்டிருந்தா அது இன்னும் வெளிவராத பாட்டு, இல்ல யாரும் கண்டுபிடிக்காத பாட்டுன்னு அர்த்தம். தேடுறதுக்கு ஒரு வரிசை வச்சிருக்கேன்.

முதல்ல செட்டோட டிஸ்க்ரிப்ஷன், அப்புறம் டைம் குறிச்சு போட்ட கமெண்ட்டுங்க, சவுண்ட்க்ளவுட்ல ஒலி அலைப் படத்துக்குக் கீழயே அந்தந்த நொடில கமெண்ட் இருக்கறதால இது சுலபம். அடுத்து 1001 ட்ராக்லிஸ்ட்ஸ், மிக்சஸ்டிபி மாதிரி தளங்கள். அங்கயும் இல்லன்னாதான் ஷசாம், ஓடுற பாட்டைக் கேட்டு பேரு சொல்ற ஆப். ஷசாம் இந்த மியூசிக்ல அடிக்கடி கைவிரிக்கும், காரணம் ரெண்டு. ஒண்ணு, டிஜே வேகத்தை ஏத்தி வாசிக்கும்போது சுருதியும் சேர்ந்து ஏறினா ஒரிஜினலோட கைரேகைக்கு அது பொருந்தாது. இன்னொண்ணு, டிஸ்டார்ஷன் கிக் மத்த எல்லாத்தையும் அமுக்கிடும். அதனால கிக் அடிக்கும்போது ஷசாம் போடாதீங்க, ப்ரேக்டவுன் வரும், கிக் நின்னு மெலடியோ குரலோ மட்டும் ஓடும், அப்ப போடுங்க. முக்கால்வாசி நேரம் அங்கதான் மாட்டும்.

அதுலயும் மாட்டலன்னா குரல்ல வர்ற வரியை அப்படியே எழுதி தேடுங்க. ஹார்ட்கோர்ல படத்து டயலாக்கை வெட்டி ஒட்டறது பழைய வழக்கம், பாட்டோட பேரே பல சமயம் அந்த டயலாக்குல இருந்துதான் வரும். கடைசி வழி, டிஜேயையே மரியாதையா கேக்கறது. "செட் நல்லா இருந்துச்சு, 41வது நிமிஷத்துல வர்றது என்னங்க"ன்னு நிமிஷத்தோட கேட்டா சின்ன டிஜேங்க பெரும்பாலும் பதில் போடுவாங்க. வெறும் "ட்ராக் ஐடி?"ன்னு கேட்டா யாரும் திரும்பிக்கூட பார்க்க மாட்டாங்க.

எல்லா ஐடியையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க, செட் பேரு, நிமிஷம், பாட்டு எப்படி இருந்துச்சுன்னு ஒரு வரி. மூணு மாசம் கழிச்சு அதே பாட்டு ரிலீஸ் ஆகி காதுல விழும்போது அட இது அதுல்லன்னு ஒரு சந்தோஷம் வரும் பாருங்க.

ஸ்டெப் 5: லேபிளைப் புடிங்க

ஆர்ட்டிஸ்ட் வருஷத்துக்கு ரெண்டு பாட்டு போடுவார், லேபிள் மாசத்துக்கு ரெண்டு போடும். அதோட லேபிளுக்குன்னு ஒரு ருசி இருக்கும், ஒரு லேபிள்ல மூணு பாட்டு புடிச்சிருந்தா நாலாவதும் புடிக்க வாய்ப்பு அதிகம்.

ரெக்கார்டு விவரமெல்லாம் தொகுத்து வச்சிருக்கிற டிஸ்காக்ஸ் தளத்துல லேபிள் பக்கத்தைத் திறந்து கேட்டலாக் நம்பர் வரிசைல போட்டா அந்த லேபிளோட முழு ஜாதகமும் தெரியும். ஆர்ட்டிஸ்ட் பக்கத்துல இருக்கிற வேற பேருங்க பகுதியை விட்டுடாதீங்க, ஹார்ட்கோர்ல ஒரே ஆள் பத்து பேர்ல வெளியிடுவார். மேல சொன்ன மார்க் அகார்டிபேனே மெஸ்கலினம் யுனைடெட், தி மூவர், மார்ஷல் மாஸ்டர்ஸ்னு எத்தனையோ பேர்ல இருக்கார், பேரு தெரியாம தேடினா பாதி கிடைக்காது.

வாங்குறதுக்கும் ஃபாலோ பண்றதுக்கும் பேண்ட்கேம்ப், ஆர்ட்டிஸ்ட்டும் லேபிளும் நேரா பாட்டு விக்கிற தளம். லேபிளை அங்க ஃபாலோ பண்ணா ரிலீஸ் ஆகும்போது மெயில் வந்துடும், அல்காரிதம் எதுவும் குறுக்க வராது, எனக்கு இந்தப் பழைய முறைதான் நம்பகமா இருக்கு. டிஜிட்டல் விற்பனைல அவங்க எடுத்துக்கறது 15 சதவீதம், பேண்ட்கேம்ப் ஃப்ரைடேன்னு சில வெள்ளிக்கிழமைகள்ல அதையும் விட்டுக் குடுப்பாங்க, 2020 மார்ச்ல ஆரம்பிச்ச பழக்கம் இது. நான் வாங்க வேண்டியதை சேர்த்து வச்சு அந்த நாள்ல வாங்குவேன். விலை நீங்களே போடலாம்னு இருக்கிற ரிலீஸும் நிறைய, அதுல சைபர் போட்டும் எடுக்கலாம், ஆனா ஒரு டீ காசாவது போடுங்க. நம்ம கார்டுல வெளிநாட்டு பரிவர்த்தனையை ஆன் பண்ணி வச்சாத்தான் பேமெண்ட் போகும், இது தெரியாம மூணு தடவை ஃபெயில் ஆகி பேங்க்குக்கே போன ஆளு நான்.

ஜப்பான் பக்கம் ஆர்வம் இருந்தா கணக்கு வேற. அங்க ஹார்ட்கோர் டானோசி மாதிரி குழுக்கள் டோக்கியோல வருஷம் ரெண்டு தடவை, வசந்தத்துலயும் இலையுதிர் காலத்துலயும், நடக்கிற எம்3ங்கற சுயவெளியீட்டுச் சந்தையை குறி வச்சுத்தான் ஆல்பம் விடுவாங்க. சந்தைக்கு முன்னாடி எல்லா பாட்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒட்டின க்ராஸ்ஃபேட் டெமோ போடுவாங்க, எக்ஸ்எஃப்டின்னு தேடுங்க. ஒரு சாயங்காலம் உக்காந்தா அந்த சீசனோட சரக்கு மொத்தமும் சாம்பிள் பார்த்துடலாம், ஜவுளிக்கடைல புடவை விரிச்சுக் காட்டுற மாதிரி.

ஸ்டெப் 6: வாரத்துக்கு ஒரு மணி நேரம்

தினமும் பார்த்தா சலிச்சிடும். நான் யூட்யூப் சேனலுங்களை ஆர்எஸ்எஸ் ரீடர்ல, அதாவது பல தளங்கள்ல புதுசா வர்றதை ஒரே இடத்துல காட்டுற ஆப்ல, போட்டு வச்சிருக்கேன், ஒவ்வொரு சேனலுக்கும் ஃபீட் இருக்கு, சேனல் லிங்க்கை ரீடர்ல ஒட்டினா பெரும்பாலும் அதுவே எடுத்துக்கும். பேண்ட்கேம்ப் மெயிலுக்கு தனி ஃபோல்டர். ஞாயிறு காலைல ரெண்டையும் திறந்து புதுசுல ஒவ்வொண்ணுலயும் நடுவுல ஒரு நிமிஷம் கேப்பேன், புடிச்சா நோட்டுக்கு, இல்லன்னா அடுத்தது. அவ்ளோதான்.

ஸ்டெப் 7: ஈவென்ட்

நெதர்லாந்துக்கு பார்ட்டிஃப்ளாக்னு ஒரு தளம், டச்சு மொழில வந்தா ப்ரவுசர் மொழிபெயர்ப்பு போட்டுக்கங்க. ஒரு ஆர்ட்டிஸ்ட் பேரை அடிச்சா பழைய ஈவென்ட், வரப்போற ஈவென்ட் எல்லாம் வரும். ஹார்ட் டெக்னோவும் கிளப் நைட்டும் தேடறவங்களுக்கு ரெசிடென்ட் அட்வைசர்ங்கற தளம். அதுக்கும் கீழ இருக்கிற சின்ன பார்ட்டிங்க இன்ஸ்டாகிராம் ஸ்டோரிலயும் டெலிகிராம் குரூப்லயும்தான் இருக்கும், அதனால லேபிளோட சேர்த்து அந்த ஊர் கலெக்டிவ்வையும் ஃபாலோ பண்ணுங்க.

வருஷக் கணக்கு மனசுல இருக்கட்டும். மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரை வெட்டவெளி சீசன்: ஜூன் கடைசில பிடிங்ஹைசன்ல டெஃப்கான்.1, ஜூலைல ஐர்செல்ல டாமினேட்டர், ஆகஸ்ட்ல டெசிபல் அவுட்டோர். குளிர்காலம் முழுக்க ஹால் ஈவென்ட். அக்டோபர்ல ஆம்ஸ்டர்டாம் டான்ஸ் ஈவென்ட் வாரம் வரும்போது ஊர் முழுக்க சின்ன பார்ட்டி முளைக்கும்.

டெஃப்கான்லாம் அண்டர்கிரவுண்டான்னு கேப்பீங்க. மெயின் ஸ்டேஜ் இல்லதான். ஆனா அங்க ஸ்டேஜுங்களுக்கு நிறத்தோட பேரு, ஹார்ட்கோருக்கு கருப்பு, ரா ஹார்ட்ஸ்டைலுக்கு நீலம், அந்த ஸ்டேஜ் லைன்-அப்ல மதியம் ஒரு மணிக்கு யாரைப் போட்டிருக்காங்கன்னு பாருங்க. போஸ்டரை எப்பவும் கீழ இருந்து மேல படிக்கணும். பெரிய எழுத்துல இருக்கிறவங்களை உங்களுக்கு ஏற்கனவே தெரியும், பொடி எழுத்துலதான் அடுத்த ரெண்டு வருஷம் ஒளிஞ்சிருக்கு. லைவ்னு போட்டிருந்தா சொந்தப் பாட்டு மட்டும் வாசிப்பாங்க, வெளிவராத சரக்கு அதிகம் வரும், அந்த ரெக்கார்டிங்கை விடாதீங்க.

ஃப்ரான்ஸ்ல ஃப்ரீ பார்ட்டின்னு தனி உலகம், பெரும்பாலும் அனுமதி இல்லாம நடக்கிற பார்ட்டிங்க. 1992ல இங்கிலாந்துல காஸில்மார்ட்டன்ல நடந்த கூட்டத்துக்கு அப்புறம் ஸ்பைரல் ட்ரைப் மாதிரி சவுண்ட் சிஸ்டக்காரங்க ஐரோப்பாவுக்கு கிளம்பிப் போய் விதைச்சது. இடம் முன்கூட்டியே வெளிய வராது, அன்னிக்கு ராத்திரிதான் ஒரு ஃபோன் நம்பர் வழியா சொல்லுவாங்க. 2001லயே அங்க இதுக்கு கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துடுச்சு, சவுண்ட் சிஸ்டத்தையே போலீஸ் தூக்கிட்டுப் போறது உண்டு. தெரிஞ்சவங்க கூட்டிட்டுப் போனா போங்க, லொகேஷனை எங்கயும் போஸ்ட் பண்ணாதீங்க. விசால போன ஆளா இருந்தா, என் கருத்து, வேண்டாம்.

ஸ்டெப் 8: நேர்ல போறதுன்னா

ஷெங்கன் விசா பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடில இருந்து அப்ளை பண்ணலாம். கோடைக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறது குதிரைக்கொம்பு, அதனால லைன்-அப் வர்ற வரைக்கும் காத்திருக்காம தேதி அறிவிச்ச உடனே வேலையை ஆரம்பிங்க. டிக்கெட் தீர்ந்துடுச்சுன்னா டிக்கெட்டை மறுபடி விக்கிற டிக்கெட்ஸ்வாப் தளத்தைப் பாருங்க, ஒரிஜினல் விலைக்கு மேல 20 சதவீதத்துக்கு அதிகமா யாரும் வைக்க முடியாது. ஃபேஸ்புக்ல பிடிஎஃப் அனுப்பறேன்னு சொல்றவர்கிட்ட வாங்காதீங்க, என் ஃப்ரெண்டு அப்படி வாங்கினது ஏற்கனவே வேற யாரோ ஸ்கேன் பண்ணி உள்ள போன டிக்கெட். வாசல்ல நின்னு வெறும் கிக் சத்தத்தை மட்டும் கேட்டுட்டு வந்தான்.

நான் போனது ஒரே ஒரு தடவை, டென் பாஷ் ஊர்ல பிராபந்தஹாலன்ங்கற ஹால், ஆம்ஸ்டர்டாம்ல இருந்து ரயில்ல கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். நெஞ்செலும்புல கிக் இறங்குறது என்னன்னு ஹெட்ஃபோன்ல பத்து வருஷம் கேட்டாலும் தெரியாது. இயர்ப்ளக் கட்டாயம். அங்க சத்தம் 100 டெசிபலைத் தாண்டிப் போகும், 100 டெசிபல்ல பாதுகாப்பு இல்லாம 15 நிமிஷத்துக்கு மேல நிக்கக்கூடாதுன்னு அமெரிக்க தொழில் சுகாதார நிறுவனமே சொல்லுது, நீங்க நிக்கப்போறது எட்டு மணி நேரம். பஞ்சு வேலைக்கு ஆகாது, மியூசிக்குன்னே செஞ்ச ஃபில்டர் வச்சது வாங்குங்க, அதைப் போட்டா பாட்டு இன்னும் தெளிவாவே கேக்கும். காதுக்குள்ள ரீங்காரம் வந்தா வெளிய வந்து அரை மணி நேரம் உக்காருங்க. சும்மா உக்காந்திருந்தா பக்கத்துல யாராவது வந்து ஹாக்கன்ங்கற கேபர் ஆட்டத்தை ஆடச் சொல்லிக் குடுப்பாங்க, எனக்கு ஒரு அம்பது வயசு ராட்டர்டாம்காரர் சொல்லிக் குடுத்தார், முழங்காலை மடக்கி குதிகாலால தரையை உதைக்கணுமாம், இடுப்பு ஆடவே கூடாதாம். எனக்கு இன்னும் இடுப்புதான் ஆடுது.

உள்ள நிக்கும்போது ஒரு பாட்டு ஆளை உலுக்கினா வீடியோ எடுக்காதீங்க, அந்த சவுண்டுக்கு ஃபோன் மைக் உடைஞ்சு வெறும் இரைச்சல்தான் பதிவாகும். மணி எத்தனைன்னு மட்டும் பார்த்து நோட் பண்ணிக்கங்க. டைம்டேபிளோட ஒரு ஸ்க்ரீன்ஷாட் முன்னாடியே எடுத்து வச்சிருந்தீங்கன்னா 3:52ன்னா யாரோட செட், எத்தனாவது நிமிஷம்னு கணக்கு வந்துடும், ரெக்கார்டிங் ஏறினதும் நேரா அந்த இடத்துக்குப் போய் நிக்கலாம். என் நோட்டுல அந்த ராத்திரியோட ஐடி ஏழு இருந்துச்சு, ஆறு கிடைச்சிடுச்சு. ஏழாவது இன்னும் காலியாத்தான் கிடக்கு.